கொடுவா கேட்ட நேயர்

காரில் ரேடியோவைப் போட்டதும் ஒரு பெண் குரல் கலகலவென்று பேச ஆரம்பிக்கிறதே, அது எங்கே மூச்சு வாங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நான் கவனிக்கிறேன். இப்போதெல்லாம் பாட்டைவிட அதைத்தான் கவனிக்கிறேன். போன வாரம் லாஸ்பேட்டையில் சிக்னலுக்கு நின்றிருந்தபோது ஒரு குரல் நகைக்கடை விளம்பரம், வெயில் நிலவரம், சினிமாச் செய்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் சிரித்தது. நடுவில் ஓர் இடத்திலும் மூச்சு இல்லை. எச்சில் விழுங்கவில்லை. பக்கத்தில் இருந்த என் மகள், "அது கம்ப்யூட்டர் குரலா இருக்கும்மா. இப்பல்லாம் ஆளு எதுக்கு?" என்றாள். உடனே அணைத்துவிட்டேன். பேசுவது மனுஷியா இல்லையா என்று தெரியாமல் எப்படி ஒரு பாட்டைக் கேட்பது?

நம்மோடு படித்தவர்கள் எல்லோருக்கும் இப்போது வெள்ளெழுத்து வந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் யாராவது பழைய எஃப்.எம். பற்றி ஒரு வரி போட்டால் போதும், ஆளாளுக்கு உருகிப்போகிறீர்கள். எனக்கும் அந்த நாட்கள்மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு எஃப்.எம். வந்ததும் சந்தேகம் வந்ததும் ஒரே வருஷம். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன்.

நெல்லித்தோப்பில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். மேலே அப்பா, அம்மா, நான். அப்பாவுக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு சின்ன கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. கீழே வீட்டுக்காரம்மா. அவருடைய கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கி, நாங்கள் குடிவருவதற்கு முன்பே காலமாகிவிட்டவர். இரண்டு மகன்கள். மூத்தவர் அரசு ஆபீஸில் கிளார்க், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் சேர அவரும் முயன்றிருக்கிறார், கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். இளையவரை எடுத்துக்கொண்டார்கள். அவர் பிரான்ஸில் இருந்தார். அவருடைய மனைவி, காரைக்கால் பெண், விசா பேப்பர் வரும்வரை மாமியார் வீட்டில் காத்திருந்தாள். அவளைத்தான் நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

இளையவர் ஒரு லீவில் வந்தபோது பிரான்ஸிலிருந்து ஒரு ரேடியோ கொண்டுவந்திருந்தார். சாம்பல் நிறம், தோல் உறை, தூக்கிக்கொள்ள ஒரு வார். முகத்தில் எஃப்.எம்., பி.ஓ., ஜி.ஓ. என்று மூன்று பட்டன்கள். பி.ஓ. என்றால் நம்ம மீடியம் வேவ், ஜி.ஓ. என்றால் லாங் வேவ் என்று மூத்தவர் விளக்கினார். எஃப்.எம். பட்டனை அழுத்தினால் வெறும் இரைச்சல்தான் வரும், பழைய ஓட்டின்மேல் மழை பெய்கிற மாதிரி. எங்கள் ஊரில் அப்போது எஃப்.எம். கிடையாது. ஆனாலும் நான் பள்ளிவிட்டு வந்து அந்தப் பட்டனை அழுத்திப் பார்ப்பேன். ஒரு நாள் அழுத்தினேன், பாட்டு வந்தது.

அந்த நிமிஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? அதுவரை பாட்டு என்றால் பக்கத்துத் தெருவிலிருந்து கம்பளி போர்த்திக்கொண்டு வருகிற ஒன்று. இதில் வயலின்கள் தனித்தனியாக நின்றன. தபலாவில் விரல் படுவது வேறு, உள்ளங்கை படுவது வேறு என்று தெரிந்தது. பாடுகிறவர் வரியை எடுக்கும் முன் மூச்சு இழுத்தார், அது கேட்டது. வீட்டுக்காரம்மா கையில் முருங்கைக்கீரையோடு வந்து நின்று, "என்னா பாப்பா இது, பாடுறவங்க அடுப்பங்கரைல நிக்கிறாப்ல இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து பள்ளிக்குக் கிளம்பும்வரை எனக்குக் கீழ்வீட்டு அடுப்படிதான். ரேடியோ மிளகாய்த்தூள் டப்பாக்களுக்குப் பக்கத்தில் அலமாரியில் இருக்கும். காலையில் நேயர்கள் தொலைபேசியில் பேசிப் பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சி. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், ஒரு பெண் அறிவிப்பாளர் வருவார். குரல் என்றால் அப்படி ஒரு குரல். அதிகம் பேசமாட்டார். ழகரம் அவர் வாயில் அவ்வளவு சுத்தமாக விழும். பேசுகிறவர் அழுதாலும் உளறினாலும் அவசரப்படுத்தமாட்டார். தெருவில் எல்லோரும் அந்தக் குரலுக்கு முகம் கற்பனை செய்து வைத்திருந்தார்கள். என் அம்மா, "நிச்சயமா அய்யர் வீட்டுப் பொண்ணு" என்பார்.

அந்தச் செவ்வாயும் வியாழனும் அக்கா வீட்டில் இருக்கமாட்டாள். விடியற்காலைப் பூசைக்கு மாதா கோவிலுக்குப் போய்விட்டு, அப்படியே கடற்கரைப் பக்கம் மதாம் என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு ரிட்டயர்டான பிரெஞ்சு டீச்சர் வீட்டில் பாடம் படித்துவிட்டு எட்டரைக்கு மேல்தான் வருவாள். அங்கே போனால் பாஷை வேண்டுமே என்று மூத்தவர்தான் அனுமதி கொடுத்திருந்தார். வந்ததும் வராததுமாக வீட்டுக்காரம்மா பிடித்துக்கொள்வார்.

"மதாம் இன்னைக்கு என்னா நடத்துனாங்க?"

"வெர்புதான் அத்தை. போறது, வர்றது."

"போன வாட்டியும் அதத்தானே சொன்ன?"

"அது இறந்தகாலம் அத்தை. இது எதிர்காலம்."

"மதாம் வீட்ல இன்னைக்குக் காப்பி குடுத்தாங்களா? பால் ஊத்தியா, ஊத்தாமயா? அவங்க நாய் என்னா ஆச்சு?"

விடமாட்டார். குறுக்கே கேட்பார், போன தடவை சொன்ன பதிலை இந்தத் தடவை திருப்பிக் கேட்பார். அக்காவுக்கு முகம் வெளுத்துவிடும். எனக்கு அப்போதே தோன்றிவிட்டது, இந்த அம்மா மருமகளை நம்பவில்லை என்று. மாமியார் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கும் சந்தேகம் இருந்தது, அது வேறு மாதிரி. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அக்கா துணி மடித்துக்கொண்டே ஒரு பழைய பாட்டை முனகினாள். அபூர்வமான பாட்டு, ரேடியோவில் வந்தே நான் கேட்டதில்லை. "இது எங்க கேட்டீங்கக்கா?" என்றேன். "நாளைக்கு வரும், கேளேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுநாள் காலை அந்தப் பாட்டு வந்தது. முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் ஆண் நேயர் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார்; தொலைபேசி இல்லாதவர்களுக்கு அப்படியும் ஒன்றிரண்டு போடுவார்கள். நான் அன்று பள்ளியில் கணக்குப் பாடத்தில் ஒரு வரியும் கவனிக்கவில்லை. யாரோ ஒருத்தன் அக்காவுக்காகப் பாட்டுக் கேட்கிறான், எதைக் கேட்பது என்று இரண்டு பேரும் முன்னாடியே பேசி வைத்துக்கொள்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். அதற்கப்புறம் ரேடியோவில் பேசிய ஒவ்வொரு ஆணையும் நான் சந்தேகப்பட்டேன். சும்மா தொண்டை கமறினால்கூட அதில் ஏதோ செய்தி இருப்பதாகப் பட்டது.

அந்தச் சந்தேகம் ஒரு வியாழக்கிழமை உடைந்தது. அறிவிப்பாளர் பாட்டின் விவரத்தைச் சொல்லி முடித்தார், பாட்டு வரவில்லை. ஒரே அமைதி. ஏதோ பொருள் கீழே விழுந்தது. மைக்கை மூட மறந்துவிட்டார் போலிருக்கிறது, "அய்யோ யேசுவே, எங்க போச்சு இது" என்று ஒரு குரல், சுத்தத் தமிழெல்லாம் போய், காரைக்கால் இழுவையில். அடுத்த நொடி பாட்டு வந்து மூடிக்கொண்டது.

தினமும் உப்பு டப்பாவைத் தேடும்போது அக்கா சொல்கிற அதே "அய்யோ யேசுவே".

நான் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தேன். அவர் குனிந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவே இல்லை. செதில் சுரண்டுகிற சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்து எனக்கு உயிர் வந்தது.

அன்று மாடியில் துணி காயப்போடும்போது அக்காவிடம் போனேன். "உங்க மதாம் கிட்ட பாட்டு காணாமப் போயிடுச்சாக்கா?" என்றேன். அக்கா கையிலிருந்த ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் நின்ற பிறகும்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லக்கா."

"சொல்லிடாதடி. ஸ்டேஷன்ல ஆள் எடுக்குறாங்கன்னு கேட்டு, சும்மாத்தான் குரல் குடுத்துப் பாத்தேன். எடுத்துட்டாங்க. பெரிய மாமாகிட்ட கேட்டேன்னு வச்சுக்க, ஊரான் எல்லாம் போன் போட்டுப் பேசுற வேலையான்னு கேப்பாரு. அங்க அவருக்குக் கடுதாசி போடுவாரு. அதோட என் பேப்பர் நின்னுடும்."

"அப்ப நீங்க பிரான்ஸ் போயிட்டா?"

"போயிட்டா அங்க யாரு என்னைத் தமிழ்ல பேசச் சொல்லப்போறாங்க? அதுவரைக்கும்தான்."

மூத்தவருக்குச் சும்மாவே அக்காமேல் ஒரு சந்தேகக் கண். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அக்கா, "சா வா, மெர்சி" என்றாள், நல்லா இருக்கேன், நன்றி என்று. அவர் இன்னும் நீளமாக ஒன்று கேட்டார். "மதாம் இன்னும் அவ்வளவு தூரம் போகல மாமா" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்து முடித்த பிறகும் நின்றார்.

பிறகு எங்கள் வீட்டிலிருந்துதான் வினை கிளம்பியது. முதல் ஷிஃப்டுக்குச் சைக்கிளில் போன அப்பா, கோவிலில் பூசை மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, கோவில் தாண்டித் திருப்பத்தில் அக்கா ஒரு ஜீப்பில் ஏறுவதைப் பார்த்திருக்கிறார். இருட்டு விலகாத நேரம். ஜீப்பில் இருந்தது ஓர் ஆண். அது ரேடியோ ஸ்டேஷன் வண்டி, காலை நேர ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற டிரைவர் என்று அக்கா சொல்லி எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. அவர் வந்து அம்மாவிடம் சொன்னார், சொல்லிவிட்டு, "நமக்கெதுக்கு, விடு" என்றும் சொன்னார். அம்மா விடவில்லை. "நாமளும் பொம்பளப் புள்ள வச்சிருக்கோம், ஒரே வாசல்ல போய் வர்றோம்" என்று ஒரு புதன்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் மூத்தவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் மேல்படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே அடுப்படியில் வீட்டுக்காரம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நடுவில் நின்றது, பிறகு தொடர்ந்தது.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட நினைத்தேன். அன்று ராத்திரி முழுக்க அம்மா என்னைக் கீழே இறங்க விடவில்லை. மறுநாள் விழித்தபோது அக்கா போயிருந்தாள்.

வழக்கம்போலக் கீழே போனேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மூத்தவர் ஆபீஸுக்குப் போகிற சட்டை போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினார்.

"எங்கடா இந்நேரத்துக்கு?" என்றார் வீட்டுக்காரம்மா.

"கோவிலுக்கு. அவ எப்படித் திரும்பி வர்றான்னு இன்னைக்குக் கண்ணால பாத்துடறேன். வாசல்லயே நிக்கப்போறேன். அப்புறம் இருக்கு." சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜீப் அக்காவைக் கொண்டுவந்து இறக்குவதும் அதே திருப்பத்தில்தான். அந்தச் சமயத்தில்தான் அக்கா ரேடியோவில், "அடுத்த நேயருக்காகக் காத்திருக்கிறோம்" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். டெலிபோன் இருந்தது. யாரும் தொடக்கூடாது என்று மூத்தவர் டயலில் ஒரு குட்டிப் பூட்டு மாட்டியிருந்தார். சாவி அவர் பையில். வீட்டுக்காரம்மா மாதா சொரூபத்தைத் தூக்கி அடியிலிருந்து இன்னொரு சாவியை எடுத்தார். அப்படி ஒரு சாவி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"பாப்பா, எனக்கு நம்பர் தெரியல. அந்தப் பாட்டு ஸ்டேஷனுக்குச் சுத்து."

"எதுக்கும்மா?"

"எனக்கும் ஆசை இருக்காதா? ஊரே பேசுது."

இவ்வளவு நாள் இல்லாத ஆசை இன்றைக்குத்தானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பேசினால் குரல் தெரிந்துவிடுமே, அக்கா மாட்டிக்கொள்வாளே என்று பயம். வேண்டுமென்றே ஓர் எண்ணைத் தப்பாகச் சுற்றினேன். "ஒழுங்காச் சுத்து" என்றார், தலையில் ஒரு தட்டு. சுற்றினேன். எங்கேஜ்டு. மறுபடி, எங்கேஜ்டு. எனக்கு அது போதும் என்றிருந்தது. அவர் விடவில்லை. விரல் வலிக்க வலிக்கச் சுற்றியபிறகு மணி போனது. யாரோ எடுத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு அந்தக் குரல்.

"வணக்கம். யார் பேசறீங்க?"

"பேரு வேணாம்மா. நெல்லித்தோப்புலேர்ந்து ஒரு அம்மான்னு வச்சுக்க."

நான் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் ஒரு சின்ன இடைவெளி. ரேடியோவில் பேசுகிறவர்கள் விடக்கூடாத இடைவெளி.

"சொல்லுங்கம்மா. ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்கோங்க. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். மூத்தவன் இன்னைக்குக் காலையிலயே கோவிலுக்குப் போயிருக்கான். கோவில் வாசல்லயே நிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனான்."

"அப்படிங்களா. பக்தியான பிள்ளை."

"ஆமா, திடீர்னு பக்தி வந்துடுச்சு. அவனுக்குக் கொடுவா மீன்னா உசுரு. மத்தியானம் குழம்பு வச்சுக் குடுக்கலாம்னு பாக்குறேன். எனக்குக் கால் வலி, நடக்க முடியல. யாராவது நேரா பெரிய மார்க்கெட் போய், அங்கேர்ந்து பஸ் புடிச்சு வந்தா நல்லாருக்கும். கோவில் பக்கம் சுத்திக்கிட்டு வந்தா மீன் நாறிப்போயிடும்."

"புரியுதுங்கம்மா. கொடுவா கிடைக்கலைன்னா?"

"சங்கரா போதும். வெறுங்கையோட வரக்கூடாது."

"சரிங்கம்மா. உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?"

"எதுனா போடும்மா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டார். பூட்டை மாட்டினார், சாவியை மாதாவின் காலடியில் திருப்பி வைத்தார், போய்க் கீரை ஆய உட்கார்ந்தார்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயதுகூட ஆகவில்லை. வயதான அம்மா ரேடியோவில் மீன் கதை பேசி மானத்தை வாங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். நல்லவேளை, மருமகள் குரலைக் கண்டுபிடிக்கவில்லை என்று மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

ஒன்பது மணிக்கு அக்கா மார்க்கெட் பக்கத்திலிருந்து வந்தாள், கையில் ஒயர் கூடை. அதில் கொடுவா. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ரேடியோவில் கேட்டதை வாங்கிக்கொண்டு வந்து நின்றால் தானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா? கொஞ்ச நேரத்தில் மூத்தவர் வந்தார். முகம் கறுத்திருந்தது.

"ஒன்பது வரைக்கும் நின்னேன். இவ கோவில்லயும் இல்ல, வழியிலயும் இல்ல."

"எப்படி இருப்பா? மதாமுக்கு உடம்பு சரியில்ல, வகுப்பு கிடையாது. பூசை முடிஞ்சதும் அப்படியே மார்க்கெட் போய் மீன் வாங்கியான்னு நான்தான் காலையிலயே சொல்லி அனுப்பிச்சேன்" என்றார் வீட்டுக்காரம்மா.

"நீ ரேடியோவுல பேசினியாமே? கோவில் எதிர்ல டீக்கடைல எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறானுங்க."

"இவ மறந்துடுவாளோன்னு அதுலயும் ஒரு வாட்டி சொல்லி வச்சேன். மார்க்கெட்ல எல்லாக் கடையிலயும் அதானே ஓடுது?"

"ஜீப்பு?"

"எந்த ஜீப்பு? மாடி வீட்டுக்காரருக்கு நல்ல கண்ணாடியா வாங்கிக் குடுக்கச் சொல்லு."

அன்று மத்தியானம் மூத்தவர் ஆபீஸிலிருந்து வந்து குழம்பை மூன்று தடவை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டுக்காரம்மா கையைச் சொறிந்துகொண்டே இருந்தார், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தடிப்புத் தடிப்பாக. வேர்க்குரு என்று நினைத்து நான் எங்கள் வீட்டு பவுடரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்கப்புறம் மூத்தவர் செவ்வாய், வியாழன் காலையில் ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு ஒரு நாள் சொன்னார்: "இந்தப் பொண்ணு எவ்வளவு மரியாதையாப் பேசுது பாரு." அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்தும், அக்கா இரண்டு வார்த்தைக்கு மேல் பேசி அவர் கேட்டதே இல்லை.

மறு வருஷம் பேப்பர் வந்தது. அக்கா போய்விட்டாள். காது மந்தமாகிவிட்டது என்று சொல்லி வீட்டுக்காரம்மா ரேடியோவை எனக்குக் கொடுத்துவிட்டார்; கொஞ்ச நாளில் நாங்களும் அந்த வீட்டைக் காலி செய்தோம். எங்கள் வீட்டோடு அவர் பேச்சுவார்த்தை அந்தக் கண்ணாடிப் பேச்சோடு குறைந்துபோயிருந்தது. என் அம்மாவுக்குச் சந்தேகம் கடைசிவரை தீரவில்லை. பல வருஷம் கழித்து நான் உண்மையைச் சொன்னேன், அது ரேடியோ ஸ்டேஷன் ஜீப்பு, இருந்தது டிரைவர் என்று. "பாத்தியா, ஆம்பளதானே" என்றார் அம்மா.

ரேடியோ என்னோடு இருந்தது. அக்கா இருந்த நேரத்தில் வேறொரு பெண் பேசினாள், நன்றாகத்தான் பேசினாள். ஆனால் எனக்கு அதற்கப்புறம் எந்தக் குரலையும் வெறும் குரலாகக் கேட்க முடியவில்லை. இவள் இந்த நேரத்தில் எங்கே இருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்? இந்த நேயர் உண்மையிலேயே பாட்டுக்காகத்தான் கூப்பிட்டாரா? பிறகு தனியார் ஸ்டேஷன்கள் வந்தன. நான் ஸ்கூட்டரில் ஆபீஸ் போக ஆரம்பித்திருந்தேன், ஹெல்மெட்டுக்குள் இயர்போன். அந்தக் குரல்கள் எல்லோரையும் மச்சி, செல்லம் என்றன. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றன. நான் நம்பவில்லை. பாட்டைக்கூடப் பாதியில் வெட்டினார்கள். ரேடியோவை விட்டுப் போனுக்கு வந்தேன். போன் எனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்துப் போடுகிறது. யார் சொன்னார்கள் அதற்கு?

சில வருஷங்களுக்கு முன் மூத்தவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுத் துக்கம் விசாரிக்கப் போனேன். வெகுநாள் கழித்து அந்த வாசலில் கால் வைத்தேன். அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியிருந்தார்கள். கூடத்தில் வீட்டுக்காரம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார், நன்றாக ஒடுங்கிவிட்டார். பக்கத்து நாற்காலியில் முடி நரைத்த ஓர் அம்மாள். அக்கா. பிரான்ஸிலிருந்து வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள், அந்த ஊர்ப் பழக்கம்.

பேச்சு எங்கெங்கோ போய் அந்த வியாழக்கிழமைக்கு வந்தது. நான்தான் இழுத்தேன். மூத்தவர் இல்லாத வீட்டில் அதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

"இவங்க பேசினாங்களே, உங்களுக்குத் திக்குனு இருந்திருக்குமேக்கா? குரல் தெரிஞ்சிடும்னு நான் செத்தே போயிட்டேன்."

அக்கா சிரித்தாள். "பைத்தியம். கொடுவான்னு சொன்னதுமே எனக்கு விளங்கிடுச்சு. அத்தைக்குக் கொடுவா ஆகாது. தொட்டாலே உடம்பு தடிச்சிடும். எங்க வீட்ல அது வாங்கினதே கிடையாது. எனக்காகத்தான் பேசுறாங்கன்னு தெரிஞ்சு, ஜீப்ப மார்க்கெட்டுக்கு விடச் சொன்னேன். அன்னைக்குக் காலையில எப்படியோ கண்டுபிடிச்சிருக்காங்க பாரு."

வீட்டுக்காரம்மா கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "அன்னைக்கு என்னாடி கண்டுபிடிக்கறது. நீ முதல் வாரம் பேசினப்பவே தெரியும்."

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. "முதல் வாரமா?"

"என் வீட்ல சமைச்சுப் போடறவ குரல் எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அத்தை ஒவ்வொரு வாட்டியும் அப்படிக் கேட்டீங்க? மதாம் என்னா நடத்துனாங்க, காப்பில பால் ஊத்தினாங்களா, நாய் என்னா ஆச்சுன்னு... வீட்டுக்கு வர்றதுக்கே எனக்கு நடுக்கமா இருக்கும்."

"உனக்குப் பொய் சொல்லத் தெரியல. ரொம்ப மோசமாச் சொன்ன. என்னைக்காவது ஒரு நாள் பெரியவன் கேப்பான், அன்னைக்கு நீ தடுமாறக்கூடாதில்ல. அதான் கேட்டுக் கேட்டுப் பழக்கினேன்."

"எனக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா மாமியார் கேக்குறாளேன்னு பயந்து பயந்து பேசியிருப்ப. அதுல அப்படியே தெரிஞ்சிடும். இது கிட்டயே கேளு, மூச்சு விட்டாலே கேக்குமே அந்த ரேடியோவுல" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

அக்கா கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். மாமியாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தடவினாள்.

"எங்க, ஒரு வாட்டி பேசேன்" என்றார் வீட்டுக்காரம்மா. "இப்படி இல்ல. அதுல பேசுவியே, அப்படி."

"அதெல்லாம் போயிடுச்சு அத்தை. அங்க போய் ஒரு நாள்கூடப் பேசினதில்ல."

"எதையாவது படி."

நாற்காலியில் அன்றைய பேப்பர் கிடந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை விரித்தாள். கடலில் காற்று பலமாக வீசும், மீனவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று ஒரு செய்தி. வாசிக்க ஆரம்பித்தாள். ரகரத்தில் பிரெஞ்சு கரகரத்தது. நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி ஆரம்பித்தாள். கண் வாசல் பக்கம் போய்ப் போய் வந்தது. வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டு ஓடின.

வீட்டுக்காரம்மா அவள் கையை அழுத்தினார்.

"மெதுவாப் படி. இனிமே யாரும் வரமாட்டாங்க."